பதினான்கு வெறும் போத்தல்கள்

என் மனுசன் தில்லைநாதன் பியர் குடிக்கிறவர் என்பதை வெள்ளவத்தை முழுவதற்கும் முப்பது வருடம் மறைத்து வைத்திருந்தேன் நான். கடைசியில் அதை நானே ஒரு பொலிஸ் நிலையத்தில், கோயில் சபைத் தலைவர் பொன்னம்பலம் ஐயாவை அருகில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. இப்போது நினைத்தாலும் பத்திக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் எல்லார் மேலும்தான். என் மேலும்தான்.

அவர் பெரிய குடிகாரர் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு போத்தல், அவ்வளவுதான். சத்தம் போடமாட்டார், சண்டைக்கு வரமாட்டார். கூட இருந்து குடிப்பது றேமண்ட். கோட்டையில் ஒரே கப்பல் கம்பனியில் இரண்டு பேரும் கிளார்க். றேமண்ட் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். ஞாயிறு பூசைக்குப் போவான், சனி பியர் குடிப்பான், இரண்டையும் மறைக்கமாட்டான். அவன் வரும்போது தனக்கு டின் பியர் கொண்டுவருவான். இவருக்குப் போத்தல்தான் வேண்டும். ஒவ்வொரு சனியும் இதே வழக்கு.

"டின்னிலை வாய் வைச்சால் நாக்கிலை தகரம் தட்டும். தகரப்பேணியிலை குடிக்கிறதுக்கு நான் என்ன மறியல்சாலையிலையே இருக்கிறன்?" என்பார் இவர்.

"மச்சான், டின் கெதியாக் குளிரும். முடிஞ்சதும் காலால ஒரு மிதி, மடிச்சுப் பையில போடு, ஆருக்கும் தெரியாது. உன்ட போத்தல் ஒருநாள் உன்னைக் காட்டிக்குடுக்கும், பார்த்துக்கொள்!"

குடியைப் பற்றி எனக்கு என்ன கதை? ஆனாலும் இந்த வழக்கில் நான் றேமண்ட் பக்கம். வெறும் போத்தல்களோடு மாரடித்தது நான் அல்லவா! முன்பெல்லாம் இவர் அவற்றைப் பையில் போட்டுக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார். நகரத்தில் திரும்பவும் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே சென்றி என்று ஒரு காவலரண் போட்டுவிட்டார்கள். போகிற வருகிற பையெல்லாம் திறந்து காட்ட வேண்டும். கோயில் சபை உறுப்பினர் தில்லைநாதனின் பையிலிருந்து பியர்ப் போத்தல்களை ஆமிக்காரன் ஒவ்வொன்றாக எடுத்து மதிலில் அடுக்கி வைத்தால், அதை ஒழுங்கைச் சனம் பார்த்தால், எங்கள் மானம் என்ன ஆகும்? அதனால் அவை ஸ்டோர் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சாக்கில் சேர்ந்தன. சென்றி போட்டு ஏழு சனியில் பதினான்கு சேர்ந்துவிட்டன.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பொலிஸ் பதிவு காட்டினோம், அடையாள அட்டை காட்டினோம், எல்லாம் சரி. போகிற நேரத்தில் சார்ஜன்ட் அந்தச் சாக்கை இழுத்தான். கலகலவென்று சத்தம்.

"மொகட்டத மே போத்தல்?" எதற்கு இந்தப் போத்தல்கள் என்று கேட்டான்.

குடிச்ச போத்தல் என்று ஒரு சொல் சொன்னால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் வாசலில் மேல்மாடிச் சனமெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. என் மனுசன் அவர்களைப் பார்த்தார், சார்ஜன்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மண்ணெண்ணெய் வைக்க," என்றார்.

ஐயோ! யுத்தகாலம், கொழும்பு, தமிழன், பதினான்கு வெறும் போத்தல், அதில் மண்ணெண்ணெய்! பெற்றோல் குண்டு என்று நினையாமல் வேறென்ன நினைப்பான்? படித்த மனுசன் சொல்லுகிற கதையா இது? நான் தலையில் அடித்துக்கொள்வதற்குள் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

வெள்ளவத்தையில் ஒருவரைப் பிடித்தால் அடுத்து என்ன செய்வது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். நற்சான்றுக் கடிதம் எடுக்க வேண்டும். நான் பொன்னம்பலம் ஐயாவிடம் ஓடினேன். அவர் சமாதான நீதவான், சீல் வைத்திருக்கிறவர். டைப்ரைட்டரின் முன்னால் அமர்ந்து அவர் தட்டத் தட்ட, நான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன்.

"குடி, புகை ஒண்டும் இல்லாதவர் எண்டும் போடுங்கோ ஐயா."

"அதைச் சொல்லவே வேணுமே, பிள்ளை? தில்லைநாதனைப் போல ஒரு மனுசன் வேறை ஆர்?" என்று அந்த வரிக்கு அடியில் கோடும் போட்டார். என் வாய்க்கொழுப்புத்தான். வேறென்ன சொல்ல?

றேமண்டுக்குப் போன் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் பொலிசுக்குப் போனோம். சுவரோரத்து மர வாங்கிலில் இவர் குந்தியிருந்தார். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க இன்னொருவர், காலடியில் மூன்று பியர்ப் போத்தல். பெயர் நாகமணி, சாவகச்சேரி. கனடாவில் இருக்கும் மனைவியிடம் போவதற்காக லொட்ஜில் காத்திருந்தவர். பழைய போத்தல் வாங்கிக் கழுவி அதில் கொதித்தாறின தண்ணீர் வைத்திருந்தாராம். லொட்ஜில் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். நம்புகிறவன் யார்?

இன்ஸ்பெக்டர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்: "ஒரு துளியும் குடிக்காதவர் என்று எழுதியிருக்கிறது. நல்லது. அப்படியென்றால் பதினான்கு பியர்ப் போத்தல் எதற்கு?"

நாங்கள் கொண்டுபோன கடிதமே அவரை மாட்டிவிட்டதே!

நாலு மணிக்கு வாகனம் வரும், இரண்டு பேரையும் தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போகிறேன் என்றான். அந்த வாகனத்தில் ஏறினவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள்? சிலர் இரண்டு வருடம், சிலர் நாலு. சிலரைப் பற்றிக் கதையே இல்லை.

பொன்னம்பலம் ஐயாவோ விடுவதாயில்லை. "சேர், நான் உத்தரவாதம். இவர் கையாலும் தொடமாட்டார்!" அவர் வாயைத் திறக்கத் திறக்க இவர் அந்த வாகனத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம்தான். மானம் போனால் போகட்டும் என்று முன்னுக்கு வந்தேன்.

"எயா பொனவா, மாத்தயா," என்றேன். அவர் குடிக்கிறவர், ஐயா.

பொன்னம்பலம் ஐயா என்னை அருவருப்பாகப் பார்த்தார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் என் மனுசன் வாங்கிலிலிருந்து கத்தினார்: "அன்னம், என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நான் குடிக்கிறேல்லை, சேர்!"

அந்த இடத்திலேயே அவரை நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது. உயிர் போகிற இடத்திலும் கோயில் சபையா? இன்ஸ்பெக்டர் விரல் மடித்துக் காட்டினான்: குடிக்கமாட்டார் என்று சொல்வது இரண்டு பேர், குடிப்பார் என்பது ஒருத்தி, அதுவும் பெண்சாதி.

மூன்று மணியளவில் றேமண்ட் வந்தான். மூச்சு விடாமல் நடந்ததைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு இன்ஸ்பெக்டரிடம் போய் நல்ல சிங்களத்தில், சம்பந்தமே இல்லாமல், பியரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

"சேர், நானும் குடிக்கிறவன்தான். ஆனால் டின் மட்டும். இந்தக் காலத்தில் மரியாதையான ஆள் எவன் போத்தலில் குடிக்கிறான்?"

இன்ஸ்பெக்டர் சிரித்தான். டின்தான் நல்லது, ஐஸில் வைத்தால் பத்து நிமிடம் போதும் என்றான். என் மனுசனின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

"போத்தல் பியர் என்ன பியர், சேர்? புளிச்ச தண்ணி. வண்டில்காரனுக்குத்தான் அது சரி."

"டேய் றேமண்ட்!" இவர் எழும்பிவிட்டார். "ஆரைப் பார்த்தடா வண்டில்காரன் எண்டுறாய்?" பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, கையாலும் செய்து காட்டிக் காட்டிச் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். டின்னுக்குள் என்ன கிடக்கிறது என்று எவனுக்குத் தெரியும்? கிடங்கில் எலி ஓடின மூடியில் வாயை வைத்துக் குடிக்கிறவனுக்கு ருசி பற்றி என்ன கதை? கபிலப் போத்தல் என்றால் வெளிச்சம் பியரைக் கெடுக்காது. கிளாஸைச் சரித்துப் பிடித்து ஓரத்தால் மெதுவாக ஊற்ற வேண்டும். அரைவாசி வந்ததும் நிமிர்த்த வேண்டும். நுரை இரண்டு விரல் நிற்க வேண்டும், கூடினால் கைப் பிழை. முதல் மிடறுக்குப் பிறகு கிளாஸின் உள்பக்கத்தில் நுரை வளையம் போட்டு நிற்கும். "அதை ஒருக்காப் பார்த்தவன் தகரத்தைக் கையாலை தொடுவானே, சேர்?"

சொல்லி முடித்த பிறகுதான் பொன்னம்பலம் ஐயா நிற்பது அவருக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிலில் குந்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "ஹரி, ஹரி," சரி சரி என்றான். "இவர் குடிகாரர்தான். கூட்டிக்கொண்டு போங்கள்." கடிதத்தை மடித்துப் பொன்னம்பலம் ஐயாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். ஐயா எங்களைத் திரும்பியும் பாராமல் போனார். போகட்டும். ஒரு மனுசன் ஒழுங்கானவன் என்று சீல் வைத்துக் கொடுத்தால் உள்ளே தள்ளுவார்கள், குடிகாரன் என்று நிரூபித்தால் வெளியே விடுவார்கள். இது என்ன நாடு, இது என்ன சட்டம்? அதில் பகிடி வேறு!

கொன்ஸ்டபிள் சாக்கைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். நான் அதைத் தூக்கினேன். வாங்கிலிலிருந்து ஒரு கை என் மனுசனின் சட்டையைப் பிடித்தது. நாகமணி.

"அண்ணை, அந்தக் கிளாஸைச் சரிச்சுப் பிடிக்கிற கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ. நான் வாழ்க்கையிலை ஒரு சொட்டும் குடிச்சதில்லை." நாகமணியின் சட்டைப் பைக்குள்ளும் ஒரு கடிதம் தெரிந்தது. அதே பொன்னம்பலம் ஐயாவின் சீல். "சிங்களமும் எனக்கு வராது அண்ணை. சொல்லு சொல்லாச் சொல்லித் தாங்கோ."

என் மனுசன் என்னைப் பார்த்தார். நான் சாக்கைத் திரும்பக் கீழே வைத்தேன். அவர் நாகமணியின் ஒரு பக்கத்திலும் றேமண்ட் மறுபக்கத்திலுமாக அமர்ந்தார்கள்.

"முதல்லை, போத்தல் எண்டு சொல்லவேணும்," என்றார் இவர். "மறந்தும் டின் எண்டு சொல்லிப்போடாதை, தம்பி."

சுவர் மணிக்கூட்டில் நாலு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.