உட்காரச் சொல்லாத மருத்துவமனை

நடுவைக்குளம் அரசு மருத்துவமனை ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்துவிட்டது. சீட்டுக் கொடுக்கும் நேரம். வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி அதற்கு இடம் விட்டார்கள். உட்கார்ந்ததில் வாசல் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அதன் பிறகு எல்லாரும் குனிந்து உள்ளே போனார்கள். முதுகு வளையாத பெரியவர்களுக்கு மாடி ஜன்னல் வசதியாக இருந்தது.

யாரும் அதைக் குறை சொல்லவில்லை. சொல்ல மனசு வருமா? சுற்றுப்பட்டு ஊர்களின் காய்ச்சல், பிரசவம், தேள்கடி, பனையிலிருந்து விழுந்தவர், பைக்கிலிருந்து விழுந்தவர் என்று எல்லாவற்றையும் அது ஒரே ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு தாங்கியிருந்தது. அந்த நர்ஸ் ஸ்டெல்லா புஷ்பம். ஊசி போடுவதும் அவள், சீட்டு எழுதுவதும் அவள், பிறந்த பிள்ளையைத் துடைத்து அப்பன் கையில் கொடுப்பதும் அவள். டாக்டர் இல்லாமல் இல்லை. அவரை இன்னும் இரண்டு ஊர்களோடு பங்கு வைத்திருந்தார்கள். நடுவைக்குளத்துக்கு வந்து சேரும்போது அவர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார்.

"இன்னொரு நர்ஸ் வந்தாத்தான் இது நிமிர்ந்து நிக்கும் அக்கா," என்று ஸ்டெல்லா, தொகுதியின் எம்.எல்.ஏ. செண்பகவடிவிடம் சொன்னாள். "வரலைன்னா ஐப்பசி மழைக்குள்ள படுத்துரும். படுத்துட்டுன்னா பெறவு யாராலயும் எழுப்ப முடியாது, பாத்துக்கிடுங்க."

பக்கத்துத் தாலுகாவில் அப்படிப் படுத்துவிட்ட மருத்துவமனை ஒன்று உண்டு. அதன் மேல் இப்போது ஆடு மேய்கிறது. அந்த ஊர்க்காரர்கள் மாட்டு டாக்டரிடம் போகிறார்கள். அவர் தங்கமான மனிதர்தான், மாத்திரைதான் கொஞ்சம் பெரிது.

செண்பகவடிவு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் கேக்கேன்" என்றாள்.

அவள் கேட்டால் மொத்த எதிர்க்கட்சியும் கேட்டதாக அர்த்தம். ஏனென்றால் மொத்த எதிர்க்கட்சியும் அவள்தான். போன தேர்தலில் ஊர் உலகமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தபோது நடுவைக்குளம் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. எதிர்க்கட்சித் தலைவர், கொறடா, குறுக்கே எழுந்து சத்தம் போடுகிறவர், அவரைக் கையமர்த்துகிறவர் என்று எல்லாப் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. சத்தம் போட்டுவிட்டுத் தன்னையே கையமர்த்தி உட்கார வைத்துக்கொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேறு யாரால் முடியும்?

அந்த மருத்துவமனையில்தான் அவள் பிறந்தாள். அவளுடைய தம்பிகளும் அங்கேதான். தன்னைப் பெற்றது அம்மாவும் பெரியாஸ்பத்திரியும் சேர்ந்து என்று மேடையில் சொல்வாள். அம்மா இருந்தவரை அதை மறுத்ததில்லை.

சட்டமன்றத்தில் எழுந்து கேட்டாள். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் ஊர் மருத்துவமனை உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது நர்ஸை அரசு எப்போது அனுப்பும்?"

சுகாதார அமைச்சர் சௌந்தரபாண்டியன் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல், பதில் சொல்வதற்கென்றே செய்துவைத்த ஆள். "நடுவைக்குளம் மருத்துவமனை கம்பீரமாக நிற்கிறது. நிற்கும் மருத்துவமனைக்கு இரண்டாவது நர்ஸ் தேவைப்படாது," என்றார். ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. மொத்த அவையும் ஏறத்தாழ ஆளுங்கட்சி என்பதால் தட்டல் ஓய நேரமாயிற்று.

"நான் பாத்துட்டுத்தான வாரேன்," என்றாள் செண்பகவடிவு. கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

பேரவைத் தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். அவை தன் கண்ணால் காணாத ஒன்றை ஏற்க விதியில் இடமில்லை என்றும், உறுப்பினர் விரும்பினால் மருத்துவமனையை அழைத்து வரலாம் என்றும் தீர்ப்புச் சொன்னார். அன்று மாலையே அவள் ரயில் ஏறினாள்.

ஊரில் இறங்கியதும் நேரே மருத்துவமனைக்குப் போய் அதன் தூண் ஒன்றில் கை வைத்தாள். "கொஞ்சம் சென்னை வரைக்கும் வரணும். உங்களைப் பாத்தாத்தான் நம்புவாகளாம்," என்றாள்.

மருத்துவமனை வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் எழுந்திருக்காது. தன்னிடம் பிறந்த பிள்ளை வந்து கேட்கும்போது எப்படி உட்கார்ந்திருக்கும்? முதலில் பிரசவ வார்டைத் தூக்கியது, பிறகு மருந்துக் கிடங்கை, கடைசியில் மேல்மாடியை. ஜன்னல்கள் எல்லாம் ஒருமுறை நடுங்கின. எழுந்து நின்றதும் ஊர் கைதட்டியது. முகப்பில் இரண்டு வாழைமரம் கட்டினார்கள். கொட்டு மேளம் பைபாஸ் வரை கூட வந்தது.

நோயாளிகள் கட்டிலிலேயே இருந்தார்கள். ஸ்டெல்லா வழக்கம்போல வார்டுக்கு வார்டு ஓடிக்கொண்டிருந்தாள். செண்பகவடிவு முன்னால் நடக்க, மருத்துவமனை நாலுவழிச் சாலையின் இடது ஓரமாகப் பின்னால் வந்தது. லாரிகள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போயின. வழியில் காய்ச்சல்காரர்கள் ஏறிக்கொண்டார்கள், குணமானவர்கள் அவரவர் ஊரில் இறங்கிக்கொண்டார்கள். சாத்தூர் தாண்டி ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுங்கச்சாவடியில் சீருடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

"ஆம்புலன்ஸுக்கே நாங்க வாங்குறதில்ல. இது ஆம்புலன்ஸோட வீடுல்ல? போங்கம்மா."

செண்பகவடிவுக்குக் கால் கொப்பளித்துவிட்டது. ஆனாலும் தலை குனியவில்லை. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், சுண்ணாம்பு உதிர, வாழைமரம் ஆட, இத்தனை உயிர்களையும் சுமந்துகொண்டு தன் பின்னால் வரும் அந்தக் கட்டிடத்தைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. எந்தத் தலைவருக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை நடந்து வந்திருக்கிறது?

சட்டமன்ற வளாகத்துக்குள் அது வந்து நின்றபோது கேள்வி நேரம் தொடங்கியிருந்தது. அமைச்சர் ஜன்னலருகே போய்ப் பார்த்தார். நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நிற்கிறதே," என்றார்.

செண்பகவடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்திருப்பதைக் காட்டுவதற்காக எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறாள். வாழைமரம் கட்டியவர்கள், மேளம் அடித்தவர்கள், சாலையெல்லாம் நின்று கும்பிட்டவர்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பெருமை வந்துவிட்டால் நடுவைக்குளத்துக்காரர்களுக்கு முன்னால் இருக்கிற பள்ளம் தெரியாது.

இனி தானாக உட்காரும் என்ற நம்பிக்கையும் அவளுக்கு இல்லை. அது நடுவைக்குளத்தில் வளர்ந்த மருத்துவமனை. வேற்று இடத்துக்குப் போனால் பெரியவர்கள் வாய் திறந்து 'உட்காருங்க' என்று சொல்லாமல் உட்காராது. அந்த ஊரில் கல்யாண வீட்டில்கூட நாற்காலிகள் காலியாகக் கிடக்க, விருந்தாளிகள் சுவரோரமாக நிற்பார்கள். மருத்துவமனையும் வாசலில் அடக்கமாக நின்றது. அதன் படிக்கட்டுகள் வெடவெடவென்று ஆடுவது அவள் இருக்கையிலிருந்தே தெரிந்தது.

"பேரவைத் தலைவர் அவர்களே, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு. உட்காரச் சொல்லுங்க."

"அவைக்கு வருகிறவர்களுக்கு இருக்கை ஒதுக்கிய பிறகே உட்காரச் சொல்ல முடியும். மருத்துவமனைகளுக்கு இருக்கை ஒதுக்கும் வழக்கம் இல்லை," என்றார் தலைவர். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

அமைச்சர் விடவில்லை. "ஒரே நர்ஸை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்றால், அந்த ஒரு நர்ஸே அதிகம் என்று தெரிகிறது. அவரை வாரத்தில் பாதி நாள் வேறு ஊருக்கு அனுப்புவது பற்றி அரசு பரிசீலிக்கும்."

மேசைகள் அதிர்ந்தன. இரண்டாவது நர்ஸைக் கேட்க வந்தவள் முதல் நர்ஸில் பாதியைப் பறிகொடுத்து நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. எதிர்க்கட்சி முழுவதும் அழுததாக அவைக் குறிப்பில் ஏறிவிடும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, "எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்கிறது," என்றாள்.

தனியாளாக வெளிநடப்பு செய்வது லேசான காரியமல்ல. வேகமாகப் போனால் காபி குடிக்கப் போவதாக நினைத்துவிடுவார்கள். செண்பகவடிவு நடுப்பாதையில் அடி மேல் அடி வைத்து, ஒரு கட்சியே போவதைப் போலப் போனாள். வாசலுக்கு வந்து மருத்துவமனையைப் பார்த்து, "வாங்க, நம்ம ஊருக்குப் போவோம்," என்றாள். அது திரும்பி அவள் பின்னால் நடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இரண்டாவதாக ஒரு காலடிச் சத்தம் கேட்டது. முதலாவதைவிடக் கனமான சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிநடப்பு செய்கிறவர் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கக் கூடாது, அது கௌரவம். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லாதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, சட்டமன்றமும் வருதுக்கா."

அதுவும் எத்தனையோ காலமாக ஒரே இடத்தில் நின்ற கட்டிடம்தான். அதையும் யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"வரட்டும்," என்றாள் செண்பகவடிவு.

நடுவைக்குளம் வந்ததும் மருத்துவமனை தன் பழைய இடத்தில் அப்பாடா என்று உட்கார்ந்தது. நெடுநாள் நடந்திராத சட்டமன்றத்துக்கு மூட்டு வீங்கியிருந்தது. அது புறநோயாளிகள் வரிசையில் போய், கையில் கட்டி வீங்கியிருந்த ஒரு பீடித் தொழிலாளிக்குப் பின்னால் நின்றது. வரிசை நகரவில்லை. வெயில் ஏறியது. சட்டமன்ற ஜன்னலிலிருந்து அமைச்சர் தலையை நீட்டினார்.

"ஏம்மா, எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"நான் ஒருத்திதான் சார் இருக்கேன். பிரசவம் ஒண்ணு பாத்துட்டு வந்துருதேன்," என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா உள்ளே ஓடினாள்.

அமைச்சர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எதிர்க்கட்சி அவையில் இல்லாததால் கேட்க வேண்டியதை அவரே கேட்க வேண்டியிருந்தது. காலியாக இருந்த எதிர்க்கட்சி வரிசைக்கு நடந்துபோய், "இந்த மருத்துவமனைக்கு ஏன் ஒரே ஒரு நர்ஸ்?" என்று கேட்டார். கேள்வி கூர்மையாக இருந்ததாக அவை ஒப்புக்கொண்டது. பிறகு தன் இடத்துக்கு வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இரண்டாவது நர்ஸ் இன்றே வருவார்," என்று பதில் சொன்னார். மேசைகளைத் தட்டியதில் சட்டமன்றத்துக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டது.

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள் இரண்டாவது நர்ஸ், பாத்திமுத்து என்று பெயர். பையை வைத்துவிட்டுக் கை கழுவினாள். மருத்துவமனை எழுந்து நின்றது. யாரும் கூப்பிடாமல், தானாக, முதுகு நிமிர எழுந்து நின்றது. கீழே நின்று பார்த்த செண்பகவடிவு இந்தத் தடவை அழுதாள். குறிப்பெடுக்க யாரும் இல்லை, நன்றாகவே அழுதாள். ஊர் இன்னொரு தடவை கைதட்டியது.

சட்டமன்றத்தின் முறை வந்தது. ஸ்டெல்லா அதை நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க," என்றாள். அது உட்கார்ந்தது. மூட்டை அமுக்கிப் பார்த்த டாக்டர், ஒரு வாரமாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்தார். கட்டில் நீளம் போதவில்லை. கால் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுச் சரிசெய்தார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் செண்பகவடிவு ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனாள். பழத்தைத் தலைமாட்டில் வைத்தாள், போர்வையைச் சரியாக இழுத்துவிட்டாள். பேரவைத் தலைவர் உள்ளேயிருந்து மணி அடித்தார். அவள் கட்டிலருகே எழுந்து நின்று, அன்று காலை தன் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்ட மேலத்தெருத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள்.