புரோப்பை எடுத்தபோது

1

இந்தக் கதையை அக்கா எனக்குத் தரவில்லை. அவள் போனில் புலம்பியதிலிருந்து நானாகப் பிய்த்துக்கொண்டேன். எழுதட்டுமா என்று பிறகுதான் கேட்டேன். "எழுது, ஆனா கண்டபடி எழுதாதே" என்றாள்.

அக்காவும் அத்தானும் அளவிடும் கருவிகளுக்குச் சர்க்யூட் வடிவமைப்பவர்கள். ஒரே ஆய்வகம், ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. (வடிவமைப்பவர்களாக இருந்தார்கள் என்று எழுத வேண்டும். கை வரவில்லை.)

மிக மெலிந்த மின்னோட்டத்தை அளக்கும் சர்க்யூட்டுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சும்மா இருக்கும்போதே தானாக அதிரத் தொடங்கிவிடும். அடக்குவதற்கு ஒரு கெப்பாசிட்டர்* வைப்பார்கள். வைத்தால் வேகம் போய்விடும். கெப்பாசிட்டரே இல்லாமல் அடங்கி ஓடும் ஒரு சர்க்யூட்டை அத்தான் கண்டுபிடித்தார். அவருடைய இத்தனை வருட உழைப்பும் அதுதான்.

* மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்து விடும் சின்ன உறுப்பு. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அக்கா கிழித்துவிடுவாள்.

2

முதல் தொடக்கம்: "மேசை விளக்கின் மஞ்சள் ஒளியில் அவள் முகம்..."

"எங்க லேப்ல ஏதுடா மஞ்சள் விளக்கு? ட்யூப் லைட். அதுலயும் ஒண்ணு மினுக்கும்" என்றாள் அக்கா.

சரி. மினுக்கும் ட்யூப் லைட்டின் கீழே அக்கா கருவியைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அது கம்பெனியின் கடைசிச் சோதனைக்குப் போக வேண்டும். அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தினமும் மாலை அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "ஓடுதா?" அக்காவும் "ஓடுது" என்பாள். உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியில் வைப்பதற்காக, அலையைப் பார்க்க மாட்டியிருந்த புரோப்பை, சர்க்யூட்டைத் தொட்டுப் பார்க்கும் அந்த ஊசிமுனைக் கம்பியை, கழற்றினாள். கருவியின் திரையில் எண் சரிந்தது. மறுபடி மாட்டினாள். எண் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

3

"புரியற மாதிரி சொல்லு" என்றேன்.

"புரோப்புக்குள்ளயும் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ், அதான் கெப்பாசிட்டரோட குணம், இருக்கும்டா. அதுதான் சர்க்யூட்டை அடக்கியிருக்கு. வாத்தியார் நிக்கிற வரைக்கும் சத்தம் போடாத வகுப்பு மாதிரி. நாங்க பார்க்கிறப்பல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. பார்க்காதப்ப எப்படி இருக்குன்னு பார்க்கவே இல்ல."

"அப்ப ஒரு கெப்பாசிட்டரை வெச்சுட வேண்டியதுதானே?"

"வெச்சா எல்லாரோட சர்க்யூட் மாதிரி இதுவும் ஒண்ணு. அவர் என்னத்தைக் கண்டுபிடிச்சார் அப்புறம்?"

பெட்டியை அவள் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அங்கே அந்தக் கேள்வி காத்திருந்தது.

4

முடிவு, முதல் வரைவு. "ஓடுதா?" என்றார் அத்தான். "ஓடுது" என்றாள் அக்கா. அவர் சிரித்தபடி கண்ணை மூடினார்.

அழகான முடிவு என்று நினைத்து அனுப்பினேன். அக்கா ஒரே அடியில் தள்ளினாள். "சாப்பாடு நல்லா இருக்கான்னு கேட்டா பொய் சொல்லியிருக்கேன். ரீடிங் கேட்டா பொய் சொன்னதே இல்ல. அவரும் என்கிட்ட சொன்னதில்ல."

இரண்டாம் வரைவு. அக்கா உண்மையைச் சொல்கிறாள். அத்தான் காகிதம் கேட்கிறார். ஒரே ஒரு கோட்டை மாற்றி வரைகிறார். மறுநாள் சர்க்யூட்

இதை அவள் இரண்டு தடவை படித்தாள். "ஒரு கோட்டுல முடிச்சுட்டியே" என்றாள். "நான் இன்னும் அதே மேசையிலதான் உட்கார்ந்திருக்கேன்." 'மறுநாள் சர்க்யூட்' என்ற அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே விட்டிருக்கிறேன்.

5

நடந்ததை அவளே சொன்னாள்.

"நான் போனப்ப கண்ணை மூடியிருந்தார். அன்னிக்கு அவர் ஓடுதான்னு கேட்கவே இல்ல. நானாதான் காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன். புரோப்பை எடுத்தா ஆடுதுங்கன்னு."

"அத்தான் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. புருவம் லேசா சுருங்குச்சு. புரிஞ்சு சுருங்குச்சா, வலியில சுருங்குச்சா, தெரியல. விடியறதுக்குள்ள போயிட்டார்." பிறகு சொன்னாள்: "காதுல விழுந்திருந்தா, தோத்துட்டோம்னு தெரிஞ்சு போயிருப்பார். விழலைன்னா, நேத்து நான் சொன்ன 'ஓடுது'வை நம்பியே போயிருப்பார், நான் அவரைக் கடைசியா ஏமாத்தின மாதிரி. நான் எதுக்குடா வேண்டிக்கறது?"

அவளைத் தேற்ற ஒரு சொல் கிடைக்கவில்லை. எழுதிப் பிழைக்கிறவன் நான்.

ஒருநாள் போன் செய்து, "நான் சொன்னது அவர் காதுல விழுந்துச்சுன்னு எழுது. தெரிஞ்சுக்காம இருக்கிறது அவருக்குப் பிடிக்காது" என்றாள். எழுதினேன். மறுநாள், "விழலைன்னு மாத்திடுடா" என்றாள். மாற்றினேன். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

6

எனவே கடைசி வரியை முடிக்க உங்களிடம் தருகிறேன்.

அன்று அக்கா சொன்னது அத்தானுக்கு

எழுதும்போது அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதப்போவதையும் அக்கா படிப்பாள்.