ஐந்தேகால் விமானம்

பாரிமுனையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் வராமல் ராஜாம்பாளால் நடக்க முடியாது.

நெய்வேலியிலிருந்து இரவு வண்டியில் வந்திருந்தார்கள். அன்று ஒருநாள்தான். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெய்வசிகாமணி சுரங்கத்தில் இருக்க வேண்டும். அன்று இரவே எட்டு மணி வண்டியில் திரும்ப வேண்டும்.

இரண்டு வருடமாகப் பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரிவதில்லை. முதலில் மாலைக்கண் என்று கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். ஐப்பசியில் பாண்டிச்சேரிக்குப் போனார்கள். அங்கே ஒரு டாக்டர் அறையை இருட்டாக்கி நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் திரை காய்ந்துகொண்டே வருகிறது, பகலும் போய்விடும் என்றார். எப்போது என்று தெய்வசிகாமணி கேட்டார். இந்தப் பொங்கல் போகும், அடுத்த பொங்கல்வரை தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அடுத்த பொங்கலுக்குத்தான் வேணு வருகிறான். அவர்களுடைய ஒரே மகன். துபாயில் வெல்டர். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒரு வருடம் முடிந்திருந்தது.

ராஜாம்பாள் ஒன்றுதான் கேட்டாள். விமானத்திலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

"அவன் ஏறினது பம்பாயில" என்றார் தெய்வசிகாமணி. "மெட்ராஸ்ல என்னா பாப்ப?"

"எறங்கறது மெட்ராஸ்லதானே? எப்படி எறங்குவான்னு இப்பவே பாத்து வெச்சிக்கிறேன். அன்னிக்குத் தெரியாட்டி போவுது. தெரிஞ்சா மாதிரி நிப்பேன்."

அவர் அதன்பிறகு கேட்கவில்லை. கன்வேயர் பகுதியில் அவருடன் வேலை பார்க்கும் சிங்காரவேல் ஏழு வருடம் பெரம்பூரில் இருந்தவன். அவன் வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஷிப்ட் சார்ட்டின் பின்பக்கத்தில் பேருந்து எண்களை எழுதிக் கொடுத்தான். மீனம்பாக்கத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு மாடியில் நின்று பார்க்கலாம் என்றான். பம்பாய் விமானம் ஐந்தேகாலுக்கு.

"அஞ்சுக்கே போயிக் கம்பிகிட்ட எடம் புடிச்சிடுங்கக்கா. கையாட்டறதுக்குன்னே ஒரு கூட்டம் வரும்."

"எனக்கு யாரு இருக்காங்க கையாட்ட?"

"யாருக்காச்சும் ஆட்டுங்க. எறங்கிவந்து கேக்கவா போறாங்க?"

தை மாதம். ஐந்தரைவரை அவளுக்கு வெளிச்சம் போதும். ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் நடுவே பதினைந்து நிமிடம் இருந்தது. ஆட்கள் இறங்க அது போதும் என்றான் சிங்காரவேல்.

அதற்குமுன் ஒரு பகல் முழுக்க இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தெய்வசிகாமணி அவளை எங்கும் கூட்டிப்போனதில்லை. வடலூர் பூசத்துக்குப் போவார்கள். நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது கம்மாபுரம் பக்கத்திலிருந்து டவுன்ஷிப்புக்கு வந்தார்கள். டாக்டரைப் பார்க்கப் பாண்டிச்சேரி. அவ்வளவுதான். பகலை நிரப்ப வேண்டும் என்று நினைத்தார்.

திருவல்லிக்கேணிக் கோயிலுக்குப் போனார்கள். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே நின்று மாடிகளை எண்ணினார்கள். அவளுக்கு இப்போது நேராக இருப்பது மட்டும் தெரியும். குழாய் வழியே பார்ப்பதுபோல. ஒவ்வொரு மாடியாகத் தலையைத் தூக்கிக்கொண்டே போய்ப் பதினான்கு என்றாள். அவர் ஒன்பதிலேயே விட்டுவிட்டார்.

"சரியாத்தான் எண்ணியிருக்க" என்றார். அது பதினான்கு என்று சிங்காரவேல் சொல்லியிருந்தான்.

எழும்பூர் மியூசியத்தில் திமிங்கலத்தின் எலும்பைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை அவள் நடந்தே பார்த்தாள். மற்றவர்கள் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இத்த எப்படி உள்ள கொண்ணாந்தாங்க?"

"கழட்டித்தான் கொண்ணாந்திருப்பாங்க."

"மணி என்னா?"

"ரெண்டுதான் ஆவுது."

"போயிடலாங்க."

"இன்னும் நேரம் கெடக்குது."

சாப்பிட்டுவிட்டு மறுபடி மவுண்ட் ரோட்டுக்கு வந்தபோது மூன்றே முக்கால். சிங்காரவேல் எழுதிக் கொடுத்த எண் போட்ட பேருந்து உடனே வந்தது. எண்ணை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். கூட்டத்தைத் தள்ளி அவளை முன்னே ஏற்றினார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து இறங்கினாள். ராஜாம்பாளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றார். நன்றாக நடந்துவிட்டது என்று நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் அவருடைய கையைத் தொட்டாள்.

"குதிரமேல ஒரு வெள்ளக்காரன் செல இருந்துது இல்ல காலையில? மறுபடி வந்துட்டான்."

"செலதான? நெறய இருக்கும்."

"அதே ஆளுதாங்க. நான் நல்லாப் பாத்தேன்."

கண்டக்டர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். காசு கைமாறிக் கைமாறிப் போனது. "மீனம்பாக்கம் ரெண்டு" என்பதும் வாய்மாறிப் போனது. பதில் அப்படியே திரும்பி வராமல் கண்டக்டரே கத்தினார்.

"யார்யா அது மீனம்பாக்கம்? எதிர்சைடுல ஏறணும். இது திருவொத்தியூர் போவுது."

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"திரும்பி வருமில்ல?" என்றார் தெய்வசிகாமணி.

"வராம? இதே வண்டிதான் திரும்பும்."

"அப்ப குடுங்க. இருக்கட்டும்."

"இன்னாத்த இருக்கட்டும்?" என்றார் கண்டக்டர். ஆனால் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

நெய்வேலியில் டவுன் வண்டி பிளாக் பிளாக்காகச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வரும். எந்தப் பக்கம் நின்று ஏறினாலும் ஒன்றுதான். இறங்கும் இடம் தவறிவிட்டால் யாரும் பதறுவதில்லை, உட்கார்ந்தே இருப்பார்கள். ஒரு சுற்றுக்கு முப்பத்தைந்து நிமிடம். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் எத்தனையோ முறை தூங்கிப்போய் இரண்டாம் சுற்றில் இறங்கியிருக்கிறார். மெட்ராஸ் பெரிய ஊர். அதனால் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டார். ஐந்துக்குள் போய்விடலாம்.

"எறங்கிடலாங்க" என்றாள் ராஜாம்பாள்.

"கூட்டத்தப் பாத்த இல்ல? எறங்கினா மறுபடி ஒன்ன ஏத்த முடியாது. குந்தியிரு. சுத்திக்கினு வந்துடும்."

அவள் உட்கார்ந்திருந்தாள்.

பாரிமுனை வந்தது. காலையில் அவர்கள் விடிவதற்காகக் காத்திருந்த இடத்தைப் பேருந்து தாண்டிப் போனது. அதன்பிறகு தெரு குறுகியது. மாட்டு வண்டிகளும் லாரிகளும் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு ரயில்வே கேட்டில் எல்லாம் நின்றுவிட்டது. சரக்கு வண்டி ஒன்று போனது. பெட்டிகள் முடியவில்லை. முடிந்தபின் எதிர்த்திசையில் இன்னொன்று வந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

"மணி என்னா?"

"நாலே முக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட் திறந்தபிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள். யாரும் ஏறவில்லை. தெய்வசிகாமணிக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. சுற்றும் வண்டி எங்கும் இப்படிக் காலியாகாது.

தகரக் கொட்டகை ஒன்றின் கீழ் பேருந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். கண்டக்டர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"இன்னா பெரிசு, எறங்கல?"

"மீனம்பாக்கம்."

"அதான் அப்பவே சொன்னேனே."

"திரும்பி வரும்னீங்களே."

"வரும்யா. யார் இல்லன்னா? வேற ஆளு டூட்டிக்கு வரணும். அவன் டீ குடிக்கணும். டைம்கீப்பரு கையெழுத்துப் போடணும். ஆறுக்குப் பத்து இருக்கச்சொல்ல எடுப்பாங்க. நீ அங்க போய்ச் சேர எட்டு ஆவும்."

"எட்டா?"

"எந்த ஊரு?"

"நெய்வேலி."

"அங்க வண்டி வட்டமா ஓடுதா?"

"ஆமா" என்றார் தெய்வசிகாமணி.

கண்டக்டர் சிரிக்கத் தொடங்கி, ராஜாம்பாளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மணி ஐந்து பத்து. தெய்வசிகாமணி சாலைக்கு ஓடினார். ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டார். ஊரின் இந்த முனை இது, அது அந்த முனை என்றார் ஆட்டோக்காரர். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. மின்சார ரயில் பிடித்தாலும் இருட்டுவதற்குள் முடியாது. இன்னொருவரிடம் கேட்டார். அவரும் அதையே சொன்னார்.

திரும்பி வந்தபோது ராஜாம்பாள் பேருந்திலிருந்து இறங்கிக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"முடியாது" என்றார்.

"தெரியும்."

"நாளைக்கு இருந்து பாத்துட்டுப் போலாமா?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட்?"

"தந்தி அடிச்சிட்டா?"

"பாண்டிச்சேரி போனப்பவும் தந்திதான் அடிச்சீங்க. மெமோ குடுத்தாங்க. அடுத்த வாட்டி சஸ்பெண்டுன்னாங்க."

அவர் மறுபடி மணி பார்த்தார்.

"சஸ்பெண்ட் பண்ணா குவார்ட்டர்ஸ்ல சும்மா குந்திக்கினு இருப்பீங்களா? என் மூஞ்சியப் பாத்துக்கினு?"

"அடுத்த மாசம் வருவோம். லீவு எழுதிக் குடுத்துட்டு வருவோம்."

"வருவோம்" என்றாள் அவள். அதை அவர் சொன்னதுபோலவே சொன்னாள்.

பக்கத்தில் இன்னொரு பேருந்து புறப்படாமல் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தது. புகை கொட்டகைக்குள் தேங்கியது. தகரத்துக்கு வெளியே இன்னும் வெயில் இருந்தது. சாலையின் அந்தப் பக்கச் சுவரில் மேல் பாதியில் மட்டும் இருந்தது.

"நீங்க ஏறுங்க" என்றாள்.

"இன்னும் நேரம் இருக்குது. ஆள் வரல."

"அதுக்கில்ல. பைய எடுத்துக்கினு ஏறுங்க. ஏறிட்டு எறங்குங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு டீக்கடையைப் பார்த்தார். அங்கே நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கண்டக்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பையை வாங்கிக்கொண்டு ஏறினார். திரும்பினார். இறங்கினார்.

அவள் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு கால். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடிந்தது. முகத்துக்குத் திரும்புவதற்குள் அவர் கீழே வந்துவிட்டார்.

"இப்படி ஓடியாந்தா என்னா தெரியும்? அவன் மேல நின்னு தேட மாட்டானா?"

"எதத் தேடுவான்?"

"நம்பளத்தான்."

மறுபடி ஏறினார். மேல்படியில் நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வேணுவைப் பஸ் ஸ்டாண்டில் அனுப்பிய அன்றுகூட அவள் இப்படிப் பார்க்கவில்லை. அன்று அழுதுகொண்டிருந்தாள்.

அவர் மெதுவாக இறங்கினார்.

"இன்னா பெரிசு, படம் எடுக்கறியா?" என்றார் கண்டக்டர். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

"கம்பியப் புடிக்காதீங்க" என்றாள் ராஜாம்பாள். "ஒரு கையில பெட்டி இருக்கும். இன்னொரு கைய ஆட்டுவான்."

மூன்றாம் முறை ஏறியபோது சுவரில் வெயில் இல்லை. கொட்டகைக்குள் இன்னும் விளக்குப் போடவில்லை. தெய்வசிகாமணி மேல்படியில் நின்றார். பையை இடதுகைக்கு மாற்றிக்கொண்டார். வலதுகையைத் தூக்கி ஆட்டினார். இருபத்தாறு வருடத்தில் அவளுக்கு அவர் கையாட்டியதில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று நெடுநேரம் ஆட்டினார். அவள் பதிலுக்கு ஆட்டவில்லை. அவர் கையை இறக்கிக்கொண்டு படியில் இறங்கினார். பக்கத்துப் பேருந்தின் சத்தத்தில் அவருடைய காலடி கேட்கவில்லை. அவளருகே வந்து நின்றார்.

அவள் இன்னும் மேல்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றாள். "இப்ப எறங்குங்க."