சில்வர் ஓக்கின் பன்னிரண்டாவது வெற்றி

1993 ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து பதினொரு மணிக்கு, நாகலூரில் என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற மரியதாஸ் ஆகிய நான், என் மனைவி தெரசம்மாள், என் தம்பி ஏசுராஜ், அவன் மகள் ஆரோக்கியசெல்வி, அவளைத் தங்கள் மகனுக்குப் பெண் கேட்டு அடிவாரத்திலிருந்து வந்த பாக்கியநாதன், அவர் மனைவி சாந்தாமேரி. ஆறு பேர். தானும் அங்கே இருந்ததாக வேறு யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

செல்வி காப்பி கொண்டுவந்தாள். பாக்கியநாதன் டம்ளரை முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, இதக் குடிச்சுட்டு பஸ் ஏறுனா எங்களையும் புடிச்சு மூத்திரம் சோதிப்பாங்களா?"

சாந்தாமேரி அவர் முழங்கையை இடித்தாள். எழுந்து ஜன்னலைத் திறந்தேன். சாரல் அடித்தது. மூடினேன். மறுபடி உட்கார முடியவில்லை. இதே பேச்சில் செல்விக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

சில்வர் ஓக் எங்கள் எஸ்டேட் முதலாளி வாங்கிய ஜாதிக்குதிரை. சாம்பல் நிறம். மூன்று வருடம் அதைத் தேய்த்து, தீனி வைத்து, கூடவே படுத்தவன் ஏசுராஜ். கிண்டியிலும் பெங்களூரிலும் ஓடிய பதின்மூன்று ரேஸில் பதினொன்றில் ஜெயித்தது. கதவு திறக்கும்வரை ஒரு நிமிடம் சும்மா நிற்காது. திறந்ததும் கடைசியில்தான் போகும். கடைசி வளைவில் காதை மடக்கும். அப்புறம் மற்ற குதிரைகள் அதன் வாலைத்தான் பார்க்கும். பேப்பரில் வந்த படங்களில் அதன் பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்தபடி என் தம்பி நிற்பான். அவற்றைச் சட்டம் போட்டு இந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தேன்.

1981 மே மாதம் ஊட்டியில் பன்னிரண்டாவது முறை ஜெயித்தது. மூன்று வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. குதிரையின் சிறுநீரில் காப்பியின் சத்து இருந்ததாம், ரேஸ் குதிரைக்கு அது ஆகாதாம். கோப்பையைத் திருப்பிக் கேட்டார்கள். "நாந்தானுங்க குடுத்தேன்" என்றான் ஏசுராஜ். எந்த லாயத்திலும் அவனைச் சேர்க்கக் கூடாதென்று ஆனது. முதலாளி குதிரையை விற்றார். அது பிறகு ஓடவேயில்லை. மலையில் ஊர் வாயில் அந்தக் காப்பி ஊக்கமருந்தாகி, அதை வைக்கத் தம்பி காசு வாங்கினான் என்பதும் சேர்ந்தது. படங்களைக் கழற்றினேன். ஆணிகள் இருக்கின்றன.

"பையன் கேக்கறானுங்க" என்றார் பாக்கியநாதன். "காசு வாங்கிட்டு வாயில்லா சீவனுக்கு மருந்து வெச்ச ஊட்டுலயா பொண்ணு எடுக்கறதுன்னு. நெசத்த ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

ஏசுராஜ் நிமிர்ந்தான். "காசெல்லாம் வாங்கலீங்க. காப்பி குடுத்தது மட்டும்..."

"நீ சும்மா இருடா" என்றேன். நின்றபடியே நடந்ததை எல்லாருக்கும் சொன்னேன்.

ரேஸுக்கு முந்தின நாள் நான் ஊட்டி லாயத்துக்குப் போயிருந்தேன். நல்ல குளிர். குதிரை நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தது. தம்பி தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். செம்மநத்தத்திலிருந்து மூட்டை சுமந்து வரும் மட்டக்குதிரைகளுக்கு மழைக்காலத்தில் தவிட்டில் கருப்பட்டிக் காப்பி ஊற்றி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், நடுக்கம் நின்றுவிடும். என் பிளாஸ்கில் வீட்டுக் காப்பி இருந்தது. முழுவதையும் தவிட்டில் ஊற்றினேன். தின்று முடித்துவிட்டு என் கையையும் நக்கியது. முடிவு வந்த அன்று தம்பியிடம் சொன்னேன். "உங்க ரைட்டர் வேல போயிருமுங்கண்ணா. நான் பாத்துக்கறேன்" என்றான். சரி என்றேன். பன்னிரண்டு வருடம் சரி என்றே இருந்தேன்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றாள் சாந்தாமேரி. காப்பியைச் சொன்னாளா, நான் சொன்ன கதையையா என்று தெரியவில்லை. தெரசம்மாள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பெரியப்பா" என்றாள் செல்வி.

பாக்கியநாதன் டம்ளரை எடுத்தார். காப்பியில் ஆடை படிந்திருந்தது. குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. கையில் வைத்தபடியே சுவரிலிருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

தம்பி மகள் கல்யாணத்துக்காக ரைட்டர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், பெரிய மனுஷன் என்று இப்போது நாகலூரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. குதிரைக்குக் காப்பி கொடுத்தது நான்.