தையல்காரர் மகள் கட்சி மாறிய பீரியட்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, அண்ணியிடமிருந்து சுட்டது. அண்ணி எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறார். "எழுதிக்கோ, ஆனா என்னைப் பெரிய இவளா காட்டிடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

2

முதல் தொடக்கம்: 'ஜனநாயகத்தின் விதை வகுப்பறையில்தான்...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: ஒப்பித்தே பழகிய பிள்ளைகளை அண்ணி இரண்டு கட்சியாகப் பிரித்தார். ஊரில் வரப்போகும் திட்டம்தான் தலைப்பு: கடைத்தெருவை அகலப்படுத்தலாமா, கூடாதா? ஆதாரம் இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் மணி அடித்ததும் கட்சி மாறி, இதுவரை எதிர்த்ததை ஆதரித்துப் பேச வேண்டும்.

3

தையல்காரர் மகளை முதலில் வாயாடியாக எழுதினேன். பொய். அவள் பேசுவதே அபூர்வம். அன்று பேசினாள். தெரு அகலமானால் பதினோரு கடை போகும், முப்பத்திநாலு பேருக்கு வேலை போகும் என்றாள். அதை எண்ண அவள் அப்பாவே அவளோடு கடை கடையாக நடந்திருக்கிறார். முதலில் இடியப்போவது அவர் கடைதான்.

வகுப்பே கைதட்டியது. அப்புறம் மணி அடித்தது.

(அண்ணிக்கு அப்போதுதான் சுருக்கென்றது. "நீ வேணும்னா உக்காந்துக்கோம்மா." "இல்ல டீச்சர், ரூல்னா எல்லாருக்கும்தானே.")

எதிர்க்கட்சியிலிருந்த ஆம்புலன்ஸ் டிரைவரின் மகள் தன் தாளை அவளிடம் நீட்டினாள். அந்தத் தெரு நெரிசலில் வண்டி சிக்கி நின்ற நாட்கள், தேதி வாரியாக. பட்டியலில் ஏழாவதாக இருந்த தேதியைத் தையல்காரர் மகள் இரண்டு முறை படித்தாள். அன்று வண்டியில் இருந்தவர் பிழைக்கவில்லை. ஆனாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

4

முடிவு அ: தெருத் திட்டம் ரத்தாகிறது. (சினிமா.)

முடிவு ஆ: அவளுக்கு முதல் பரிசு. (அண்ணி என்னை அடிக்க வருவார்.)

முடிவு இ: அவள் அப்பாவே மனம் மாறி... பாதியில் விட்டுவிட்டேன். அந்த மனிதரை எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ரெண்டாவது பேசினதுதான் எனக்குச் சரின்னு படுது. எப்படிப் பேசினேன்னு இன்னைக்கு அப்பா கேப்பாரு. என்ன சொல்ல?"

அண்ணிக்கு அவளை அப்படியே அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. யோசிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசைப்பட்டார். யோசித்துவிட்டு ஒரு பிள்ளை இப்படி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

தான் என்ன பதில் சொன்னார் என்பதை அண்ணி என்னிடம் சொல்லவில்லை. நானாக ஒன்றைச் செருகவும் மனம் வரவில்லை. இனி நீங்கள்தான் டீச்சர். அவள் பையை மாட்டிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறாள். கடையில் அப்பா காத்துக்கொண்டிருப்பார்.