காட்டெருதுக்கு ஒரு பாட்டில்

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு, தலை முழுக்க முடிசுருட்டிகளும் காலில் ரப்பர் பூட்சுமாக, லுபா தன் வருங்கால மாமியாரைக் காட்டுக்குள் அழைத்துப் போனாள். ராயிசா அம்மாளின் காலில் இருந்தது லுபாவின் அப்பாவுடைய பூட்ஸ். ஒவ்வொரு அடிக்கும் கால் வந்தது, பூட்ஸ் சேற்றிலேயே நின்றது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"பேசாம வாங்க அத்தை. சத்தம் கேட்டா ஓடிடும்."

"எது ஓடிடும்? இருந்தாத்தானே ஓடறதுக்கு."

அதுதான் விஷயம். ஈஸ்டர் விருந்தில், இரண்டு குடும்பமும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ராயிசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு லுபாவிடம் சொன்னாள். "மூணு தடவை இந்த பியாவோவியெஜாக் காட்டுக்கு வந்துட்டேன். கொசுவைப் பார்த்தேன். சேத்தைப் பார்த்தேன். காட்டெருதைத் தபால் அட்டையில பார்த்தேன். கல்யாணத்துக்குள்ள ஒண்ணே ஒண்ணை, வேலி இல்லாம, உயிரோட என் கண்ணு முன்னாடி நிறுத்து. அப்புறம் நீங்க எங்க குடியிருந்தாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். இல்லேன்னா கல்யாணம் முடிஞ்ச திங்கக்கிழமை ரெண்டு பேரும் பியாவிஸ்டோக்குக்குக் கிளம்பணும்."

பியாவிஸ்டோக் நகரத்தில், தன் வீட்டுக்கு நேர் எதிர்க் கதவில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கிப்போட்டு, திரைச்சீலைகூடத் தைத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை கோஸ்தெக்குக்குத் தன் மின்வேலையை எந்த ஊரிலும் செய்யலாம். காட்டோரக் கிராமமான டெரெமிஸ்கியில் லுபாவோடு இருக்கத்தான் அவனுக்கு ஆசை. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்கு இருமல் வந்துவிடும். லுபாவோ இந்தக் காட்டுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி. ஏழு வருஷமாக எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்குக் காட்டெருது காட்டியவள். இத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வாள்? "சரி அத்தை" என்று சொல்லித் தொலைத்தாள்.

காடு அன்று காலை மற்றதையெல்லாம் வாரி வழங்கியது. விழுந்து எத்தனையோ வருஷமான தேவதாரு மரத்தின் முதுகில் குட்டி மரங்கள் வரிசையாக முளைத்திருந்தன. நின்றபடியே செத்துப்போன ஓக் மரம் ஒன்றில் குதிரைக் குளம்பு போன்ற காளான்கள் படிப்படியாக ஏறியிருந்தன. பனிக்குள் எங்கேயோ ஆண் மான் ஒன்று, பழுதான டிராக்டரைக் கிளப்புவதுபோல உறுமியது.

"விழுந்த மரத்தை எடுக்கவே மாட்டீங்களா?" என்றாள் ராயிசா.

"விழுந்தது விழுந்த இடத்துலயே கிடக்கணும் அத்தை. அதுதான் இங்க சட்டம்."

"என் புருஷன் இங்கதான் பிறந்திருக்கணும்."

ஒரு திருப்பத்தில் லுபா சட்டென்று குனிந்தாள். சாணம். புறங்கையை அருகில் கொண்டுபோனாள். சூடு. முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தை, பத்து நிமிஷம்கூட ஆகலை."

ராயிசா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சாணத்தை நன்றாகப் பார்த்தாள். "அழகா இருக்கும்மா. ஆனா நாம பேசினது இதோட சொந்தக்காரரைப் பத்தி."

சொந்தக்காரர் வரவில்லை. எட்டு மணிக்கு அரண்மனைப் பூங்கா வழியாகத் திரும்பினார்கள். குளத்தோரம் ஒரு மணற்கல் தூண். யாரோ ஒரு ராஜா இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், இதே செப்டம்பரில் ஒரே நாளில் வேட்டையாடிய கணக்கு அதில் பொறித்திருக்கிறது. ராயிசா நின்று வாசித்தாள். "நாப்பத்திரண்டு காட்டெருது. பார்த்தியா, எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்காமப் போயிட்டான்."

லுபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரிப்பையே வைத்துக்கொண்டாள், அழுதால் கண் வீங்கும், போட்டோ எடுக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் டெரெமிஸ்கிக்கு வந்தார்கள். பெற்றவர்கள் ஆசீர்வாதம் செய்தார்கள், அத்தைமார்கள் அழுதார்கள், அக்கார்டியன் அலறியது. லுபாவும் கோஸ்தெக்கும் ரிப்பன் கட்டிய முதல் காரின் பின்னிருக்கையில் ஏறினார்கள். முன்னிருக்கையில் ராயிசா. கண்ணாடி கைப்பைக்குள் போய்விட்டது. கல்யாண ஆல்பத்தில் தான் கண்ணாடியோடு இருக்கக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. வழிமறிப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வோட்கா பாட்டில்கள் காலடியில் இருந்தன.

கல்யாண ஊர்வலத்தை மறிக்காவிட்டால் அக்கம்பக்கத்தாருக்கு என்ன மரியாதை? கிராமத்து எல்லையில் கயிறு கட்டி, பிர்ச் கிளைகள் செருகி, நடுவில் ஒரு காட்டெருதை நிறுத்தியிருந்தார்கள். பழைய கம்பளத்தைப் போர்த்தி, அட்டையில் கொம்பு செய்து, உள்ளே இரண்டு பேர். முன்னங்கால் தபால்காரர் பாஸிலி. பின்னங்கால் அவர் மைத்துனர் யூரெக். ஈஸ்டர் விருந்துப் பந்தயம் ஊருக்கே தெரிந்த கதை.

"சம்பந்தியம்மா," என்று கொம்புக்குக் கீழிருந்து பாஸிலியின் குரல் வந்தது, "உயிரோட, வேலி இல்லாம வந்து நிக்கிறேன். பிள்ளைங்களை இங்கயே விட்டுட்டுப் போங்க."

ராயிசா காரிலிருந்து இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "இதோட பின்னங்கால் சிகரெட் பிடிக்குது."

"அணைச்சிட்டேன்," என்றது பின்னங்கால்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராயிசாவும் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே, "இது செல்லாது" என்று சொல்லிவிட்டாள். பிறகு பேரம். அவர்கள் ஆறு பாட்டில் கேட்டார்கள், அவள் ஒன்றில் ஆரம்பித்தாள், நான்கில் கயிறு இறங்கியது.

"அடுத்த வளைவுல வனக்காவலருங்க மறிப்பாங்க," என்று பாஸிலி கம்பளத்துக்குள்ளிருந்து கத்தினார். "அவங்களும் ஒரு காட்டெருது செஞ்சிருக்காங்க. எங்களுதைவிட ஒசத்தி."

"வரட்டும்," என்றாள் ராயிசா. "இனிமே ஒரு பாட்டிலுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது."

கார் காட்டுச் சாலையில் நுழைந்தது. மதியமாகப் போகிறது, பனி இன்னும் முழுதாக விலகவில்லை. பின்னிருக்கையில் லுபாவின் முகத்திரை கோஸ்தெக்கின் கோட்டுப் பித்தானில் சிக்கி, அதை விடுவிக்கிறேன் என்று அவன் இன்னும் சிக்கலாக்கிக்கொண்டிருந்தான். கார் நின்றது. முன்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. லுபா தலையை நிமிர்த்தினாள்.

சாலை நடுவில் காட்டெருது நின்றது. கிழட்டுக் காளை, தனியாகத் திரியும் வகை. தோளில் ஒரு மலை, தாடியில் ஈரம். அதை நோக்கி ராயிசா, ஊதா நிற உடையும் குதிகால் செருப்புமாக, பாட்டிலைக் கையில் பிடித்து நடந்துகொண்டிருந்தாள்.

"டேய், போதும்டா," என்றாள். "பாதிரியார் காத்துக்கிட்டு இருக்கார். யாருடா உள்ள? முன்னங்கால்தான் பேசுமா, இல்ல பின்னங்கால்கிட்டயும் தனியாப் பேசணுமா?"

ஓட்டுநர் இடத்தில் இருந்த மாப்பிள்ளைத் தோழன், ஹாரனை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். லுபா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கதவைத் திறந்து, முகத்திரையில் பாதியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். அவள் கண் வாலின் மேலேயே இருந்தது. வால் தூக்கினால் பாயும். வால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அத்தை," என்றாள் மெதுவாக. "திரும்பாதீங்க. அப்படியே ஒவ்வொரு அடியாப் பின்னால வாங்க."

"நீயும் இவங்க கூட்டா? ஒரு பாட்டில்தான். நல்லாத்தான் தைச்சிருக்கானுங்க, ஒத்துக்கறேன். நாத்தம்கூடச் சேர்த்திருக்கானுங்க."

"அத்தை, உள்ள யாரும் இல்லை."

காட்டெருது மூச்சு விட்டது. அந்த மூச்சு ராயிசாவின் சீவிய முடியை ஒரு பக்கமாகத் தள்ளி, நெற்றியெல்லாம் ஈரமாக்கியது. கம்பளத்துக்குள் எத்தனை தபால்காரர்கள் சேர்ந்து ஊதினாலும் அப்படி வராது. ராயிசா நின்ற இடத்தில் நின்றாள். ஆறடி தூரத்தில் ஒரு கரிய கண் அவளைப் பார்த்தது. கோபம் இல்லை, டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருப்பவர், தவறான வரிசையில் நிற்பவரைப் பார்க்கும் பார்வை.

"ஐயா," என்றாள் ராயிசா. "தப்பா எடுத்துக்காதீங்க. நான் வேற யாரோன்னு நினைச்சிட்டேன்."

குனிந்து, பாட்டிலைத் தார்ச்சாலையில் கவனமாக நிற்க வைத்தாள். பின்பக்கமாக ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். லுபாவின் கை அவள் கையைப் பற்றிக்கொண்டது.

காட்டெருது அவசரப்படவில்லை. ஓரத்துப் புல்லை இரண்டு வாய் மென்றது. பிறகு பாட்டிலைத் தட்டாமல் தாண்டி, மரங்களுக்குள் இறங்கியது. பெரிய கதவொன்று மூடுவதுபோலக் கிளைகள் சேர்ந்துகொண்டன.

காரின்மேல் சாய்ந்து ராயிசா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் இருமல் மாதிரி வந்தது. பிறகு நிற்கவே இல்லை. லுபாவுக்கும் தொற்றிக்கொண்டது. பொரித்த சேமியாபோல நின்ற சுருள்முடி எல்லாம் அவிழ, சாலையிலேயே வெள்ளை உடையோடு உட்கார்ந்து சிரித்தாள். பின்னால் வந்த கார்களிலிருந்து சொந்தக்காரர்கள் இறங்கி ஓடிவந்து, என்னவென்று தெரியாமலேயே சிரித்தார்கள். கோஸ்தெக் மட்டும் பாதி முகத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றான்.

"அவரை டேய்னு கூப்பிட்டுட்டேன்மா," என்றாள் ராயிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர்கிட்டப் போய்ப் பேரம் பேசினேன்."

லுபா எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்தாள்.

"அதை எதுக்கு எடுக்கற? அவருக்குன்னு வச்சது."

"காட்டுல கண்ணாடி எதையும் விட்டுட்டுப் போகக் கூடாது அத்தை. சட்டம்."

ராயிசா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள். தேவாலயம் போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பாட்டிலை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வனக்காவலர்கள் மறித்தபோதுகூடத் தரவில்லை. வேறு நான்கைப் பேரமே பேசாமல் கொடுத்தாள். அவர்கள் பயந்துபோய் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தேவாலயப் படியில் கோஸ்தெக்கின் டையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "அந்த எதிர் வீட்டைக் காலேஜ் பசங்களுக்கு வாடகைக்கு விடப் போறேன். திரைச்சீலையை அடுத்த வாரம் இங்க அனுப்பறேன். ஜன்னல் அளவை எழுதிக் குடு."

கோஸ்தெக்குக்கு இருமல் வந்தது.

ராயிசா லுபாவின் பக்கம் திரும்பி, அவள் தலையில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப்போட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் அடுத்த தடவை வர்றதுக்குள்ள என் கால் அளவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வை. முப்பத்தேழு."