இரண்டு நிமிஷ மோட்டார்

கயிற்றை இழுத்ததும் மோட்டார் கிளம்பிவிடும். அந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிளம்பி, புகைவிட்டு, சீராக ஓடி, பார்க்கிறவர்கள் முகத்தில் சிரிப்பு வரும்வரை காத்திருந்து, சரியாக இரண்டாவது நிமிஷம் இருமிக்கொண்டே நின்றுவிடும். காலையிலிருந்து பதினோரு தடவை இதே கதை.

"என்னை வெச்சு விளையாடுது," என்றாள் அக்கா.

படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் மோட்டார் அக்கா. ஊரார் படகு மோட்டார்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் தொழில். இது மட்டும் வீட்டுச் சொத்து. அவள் புருஷன் பழைய இரும்புக் கடையில் பார்த்து, தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து, பிஸ்டன் வளையத்திலிருந்து கடைசித் திருகுவரை புதுப்பித்திருந்தாள். இப்போது அது பட்டறையில் ஒரு மரச்சட்டத்தில் தொங்கியபடி, தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் காலை நனைத்துக்கொண்டு சும்மா நின்றது.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரி, தன் நர்சுகளை ஷிஃப்டுக்குக் கொண்டுவிட ஒரு படகு தேடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு மேற்பார்வை பார்க்கும் அம்மா வருவார். அக்கரைக்கு மூன்று நடை போய்த் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு தடவை தானாக நின்றாலும் வேலை அடுத்த படகுக்குப் போய்விடும். இதை நம்பிப் புருஷன் போன வாரமே ஐஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மணி இரண்டரை.

"டேங்க் மூடியில காத்துத் திருகைத் திறந்துட்டியா?" என்றார் அவர்.

"ஏங்க, இதையே நாலு தடவை கேட்டாச்சு. நாலு தடவையும் திறந்துதான் இருந்துச்சு."

கேள்வியில் தப்பில்லை. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் நகராது. ஆனால் சரியான கேள்வியையும் ஐந்தாவது தடவை கேட்டால் மனுஷிக்கு எரிச்சல் வராதா?

அவள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்த்தாள். மோட்டார் நின்றவுடன் பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். காய்ந்திருந்தால் பட்டினி. இது சருகாகக் காய்ந்திருந்தது. பட்டினி என்பது காலையிலேயே தெரிந்துவிட்டது. எங்கே சோறு தடைபடுகிறது என்பதுதான் தெரியவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்து, ஊசித் துளையையெல்லாம் வாயால் ஊதிப் பார்த்துவிட்டாள். துளை பளிச்சென்று இருந்தது. வாய்தான் நாறியது.

"அக்கா, ஒருவேளை அதுக்குக் களைப்போ என்னவோ," என்றான் அவள் தம்பி. எதிர்ச்சாரியில் தையல்கடை வைத்திருப்பவன். வேடிக்கை பார்க்க வந்தவன் கழுத்தில் டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குத்தான்டா களைப்பு."

பன்னிரண்டாவது தடவை கயிற்றை இழுத்தாள். ஓடியது. இரண்டாவது நிமிஷம் இருமத் தொடங்கியது. டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் ரப்பர் குழாயில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு குமிழ் உண்டு. கிளப்புவதற்கு முன் அதை நாலு தடவை அமுக்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பும். அதோடு அதன் வேலை முடிந்தது. மீதியை மோட்டாரே இழுத்துக்கொள்ள வேண்டும். அக்கா வந்த கோபத்தில், யாரோ ஒருவர் கழுத்தை நெரிப்பதுபோல அந்தக் குமிழைப் பிடித்து நெரித்தாள்.

இருமல் நின்றது. மோட்டார் ஓடியது.

கையை எடுத்தாள். இருமியது. அமுக்கினாள். ஓடியது.

"ஏங்க, இதை அமுக்கிக்கிட்டே இருங்க."

ஐந்து நிமிஷம் அமுக்கினார். ஐந்து நிமிஷமும் ஓடியது. "அப்ப அக்கரை வரைக்கும் இப்படியே அமுக்கிட்டுப் போயிடலாமே," என்றார் அவர் முகம் மலர்ந்து.

"போகலாமே. காலம் பூரா ஒரு கையால அமுக்குங்க, ஒரு கையால ஓட்டுங்க, நர்சுங்ககிட்ட டிக்கெட்டைப் பல்லால வாங்குங்க."

அவள் அதற்குள் மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்திருந்தாள். கையால் நிரப்பியது தீரும்வரைதான் ஓடுகிறது, தானாக இழுக்கத் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு பெட்ரோல் பம்பில்.

தீப்பெட்டி அளவுதான் இருக்கும் அந்தப் பம்ப். அதற்குத் தனியாகக் கரண்டு கிடையாது, பெல்ட் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது மோட்டாரின் அடிவயிறு மூச்சு இழுத்து விடுகிறது. அந்த மூச்சு ஒரு சின்னத் துளை வழியாக வந்து, பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வைத் தட்டுகிறது. சவ்வு முன்னும் பின்னும் துடிக்க, பெட்ரோல் வந்து சேர்கிறது. மோட்டார் தன் மூச்சாலேயே தனக்குச் சோறு ஊட்டிக்கொள்கிறது.

பம்பைக் கழற்றினாள். சவ்வு புதுசு, கிழிசல் இல்லை. வால்வு சுத்தம். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் கசிவை அடைக்க ஒட்டியிருந்த காகிதக் கேஸ்கட்டைச் சுரண்டியபோது அது இரண்டாகக் கிழிந்து வந்தது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். திருகு போக இரண்டு ஓட்டை இருந்தது. மூச்சு வர வேண்டிய மூன்றாவது ஓட்டை இல்லை.

கடையில் வாங்கிய கேஸ்கட் தொகுப்பில் இது ஒன்று மட்டும் குறைந்திருந்தது. பழசை மாதிரிக்குக் கொடுத்துத் தம்பியைத்தான் வெட்டச் சொல்லியிருந்தாள்.

"டேய், நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சே. எங்க?"

"அதுவா? அது ஓட்டையா? ஓரமெல்லாம் பிய்ஞ்சு இருந்துச்சு, கிழிசல்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?"

"அளவு சட்டை கொடுத்து, இதே மாதிரி தைங்கன்னு சொல்றாங்க. அதுல முழங்கையில கிழிஞ்சிருந்தா, புதுச் சட்டையிலயும் முழங்கையைக் கிழிச்சா கொடுப்பேன்?"

அக்கா கிழிந்த காகிதத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். புருஷன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு நீங்க பின்னாடியே நின்னதாலதான் நான் பழசையும் புதுசையும் சேர்த்து வெச்சுப் பார்க்காமப் பூட்டினேன்," என்றாள். அதில் பாதிதான் உண்மை என்பது அவளுக்கே தெரியும். ஒட்டுப்பசையைத் தடவும்போது கையில்தான் இருந்தது அந்தக் காகிதம். ஒரு பார்வை போதும். பார்க்கவில்லை.

தம்பி கடைக்கு ஓடி, பெல்ட்டில் துளை போடும் கருவியையும் மிச்சக் காகிதத்தையும் பழைய கேஸ்கட்டையும் எடுத்து வந்தான். "இந்தத் தடவை கிழிசல், கறை, எலி கடிச்சது எல்லாமே வேணும்," என்றாள் அக்கா. ஏழு நிமிஷத்தில் வெட்டினான். அவள் பழசின்மேல் வைத்து மூன்று ஓட்டையிலும் குச்சியை விட்டுப் பார்த்த பிறகுதான் பூட்டினாள். டிரம்மில் பத்து நிமிஷம் ஓடவிட்டு, மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் மாட்டும்போது அந்த அம்மா துறைப் படிக்கட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு புருஷன் ஓட்ட, முதல் நடை போய் வந்தது. இரண்டாவதும் வந்தது. கரையில் நின்ற அக்கா தன் மூச்சையும் மோட்டார் மூச்சையும் சேர்த்து விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது நடையில், நடு ஆற்றில் சத்தம் நின்றது.

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. படகு நீரோட்டத்தில் மெல்லத் திரும்பியது. புருஷன் எழுந்து கயிற்றை இழுப்பது தெரிந்தது. ஒரே இழுப்பு. சத்தம் மறுபடி வந்தது.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றார் அந்த அம்மா கரையிறங்கியதும். "அவசரத்துக்கு எடுக்குமான்னு பார்க்கணும்ல. நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிஃப்ட். ஆறுன்னா ஆறு."

அவர் படியேறிப் போனார். புருஷன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க," என்றாள் அக்கா.

"ஏன்? பெட்ரோல் வீணாப் போகுதே."

"போகட்டும்." அவள் ஈரப் படியிலேயே உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."